உடைந்தது, உடைத்தேன்

கைதவறி ஒரு பீங்கான் கிண்ணம் தரையில் விழுந்ததும் வீட்டுக் குழந்தை ஓடிவந்து சொல்வது "உடைஞ்சுபோச்சு" என்பதுதான். "உடைச்சிட்டேன்" என்று அது சொல்ல நாளாகும். சில வீடுகளில் அந்தச் சொல் வராமலேயே பிள்ளை வளர்ந்து பெரியவனாகிவிடுகிறான். உடைந்தது, உடைத்தேன் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. நடுவில் ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது. முடிவில் 'அது' எழுந்துபோக 'நான்' வந்து உட்கார்கிறது. பிரிந்தது, பிரித்தேன், அழிந்தது, அழித்தேன், சிதைந்தது, சிதைத்தேன். தமிழில் இப்படி இணைஇணையாக வினைச்சொற்கள் கிடக்கின்றன. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துபோகிறோம்.

பெரியவர்களான பின் நாம் பேசுவதைச் சற்று நின்று கேட்டால் தெரியும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோச்சு. ஆபீசில் கோப்பு தங்கிப்போச்சு. பாகப் பத்திரத்தில் அக்கா பெயர் விட்டுப்போச்சு. எல்லாம் தாமாகவே நடக்கின்றன, செய்தவர் ஒருவரும் இல்லை. கேட்டால் நேரம் சரியில்லை என்பார்கள், தலையெழுத்து என்பார்கள், மேலிடத்து உத்தரவு என்பார்கள், ஊரே அப்படித்தானே செய்கிறது என்பார்கள். கடைசியில் ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று ஒரு வாக்கியத்தோடு பேச்சு முடியும்.

ஆன்மிகம் என்று நாம் மொத்தமாகச் சொல்லும் விஷயம் இந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே என் கேள்வி. கண்ணை மூடி உட்கார்ந்து உள்ளே பார்க்கிறவன், 'உடைந்தது' என்பதிலிருந்து 'உடைத்தேன்' என்பதற்கு நகர்கிறானா? அல்லது கடவுள், கர்மம், குரு, சடங்கு என்று ஒளிந்துகொள்ள இன்னும் வசதியான இடங்களைக் கண்டுபிடிக்கிறானா? இரண்டும் நடந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே மதத்தில், ஒரே நூலில், சில சமயம் ஒரே மனிதனிடத்தில்.

மதுரையிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குத் தப்பித்துக்கொள்ள எத்தனை வாசல்கள் திறந்திருந்தன என்று எண்ணிப் பார்த்திருக்கிறேன். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவன்தான் பழியைக் கோவலன்மேல் போட்டு அரசனிடம் வந்து சொன்னான். ஆகவே ஏமாற்றப்பட்டேன் என்று சொல்லலாம். வெட்டியவன் காவலாள், ஆகவே கை என்னுடையதன்று என்று சொல்லலாம். காப்பியமே இன்னொரு பெரிய வாசலைப் பின்னால் திறந்து வைத்திருக்கிறது. கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொலைசெய்வித்தான், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபமே இப்போது பலித்தது என்று மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் விளக்குகிறது. ஊழ்வினை வந்து ஊட்டியது என்றால் அரசன் வெறும் கருவிதானே?

கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப்பரல் தெறித்த நொடியில் நெடுஞ்செழியன் இந்த வாசல்களில் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. கள்வன் என்ற சொல்லைக் கோவலனிடமிருந்து எடுத்துத் தன்மேல் வைத்துக்கொண்டு, அரியணையிலேயே விழுந்து உயிர்விட்டான். ஊழ் என்பது கதைசொல்லிக்கும் தெய்வத்துக்கும் உரிய விளக்கம். அந்தச் சபையில் நின்றவனுக்கு அது விளக்கமாகப் படவில்லை.

இதே காப்பியம் இன்னொரு செய்தியையும் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நெடுஞ்செழியனுக்குப் பின் ஆட்சிக்கு வந்த வெற்றிவேற்செழியன், பத்தினித் தெய்வத்தின் சினம் தணிய ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்கு ஆயிரம் பேர். அவர்களில் ஒருவனுக்கும் கோவலனைத் தெரிந்திருக்காது. குற்றத்தை முதலில் தன்மேல் ஏற்றுக்கொண்டவன் ஓர் அரசன். அதே குற்றத்தை ஒரு கூட்டத்தின் தலையில் இறக்கிவைத்தவன் அடுத்த அரசன். வெற்றிவேற்செழியன் செய்ததும் பக்திதான், சாந்திவிழாதான். பக்தியில் குறைவில்லை. பொறுப்பு மட்டும் இடம்மாறிவிட்டது.

ஊழைப் பற்றி ஒரு வார்த்தை. விதியை நம்புகிறவன் பொறுப்பேற்க மாட்டான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழ் மரபு அவ்வளவு எளிதாகப் பிடிகொடுக்கவில்லை. கணியன் பூங்குன்றனின் பாட்டு எல்லாருக்கும் தெரியும். நமக்கு வரும் நன்மையும் தீமையும் பிறர் தந்தவையல்ல என்று தொடக்கத்தில் சொல்கிற அதே பாட்டு, ஆற்றுநீரில் அடித்துச் செல்லப்படும் தெப்பம்போல உயிர் முறைவழியே போகிறது என்றும் சொல்கிறது. மேடைகளில் முதல் பாதி மட்டும் ஒலிக்கும். இரண்டாம் பாதியையும் சேர்த்துப் படித்தால் ஒரு நுட்பம் பிடிபடும். ஆற்றின் போக்கு என் கையில் இல்லை என்று தெரிந்தபிறகும் பிறர்மேல் பழி போட அவருக்கு மனம் வரவில்லை. பெரியோரை வியக்கவில்லை, சிறியோரை இகழவும் இல்லை என்று முடிகிற அந்த மனநிலைக்கு இரண்டு பாதியும் வேண்டும். திருவள்ளுவரும் ஊழை அறத்துப்பாலின் கடைசி அதிகாரமாக வைத்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமை என்று விடாமுயற்சிக்குத் தனி அதிகாரம் வகுத்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாழச் சொன்னவர்கள் நம் முன்னோர். கர்மத்தைக் கண்ணாடியாகவும் பிடிக்கலாம், கல்லாக எடுத்து அடுத்தவன்மேல் எறியவும் செய்யலாம்.

கல்லாக எறியும் தவறைப் பெரிய மனிதர்களும் செய்திருக்கிறார்கள். 1934 ஜனவரியில் பீகாரில் பெரும் பூகம்பம் வந்தபோது, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை இது என்றார் காந்தி. தாகூர் அதை வெளிப்படையாக மறுத்தார். இயற்கையின் சீற்றத்தை அறத்தோடு முடிச்சுப் போடுவது கூடாது என்றார். காந்தியின் நோக்கம் எனக்குப் புரிகிறது. ஒரு சமூகம் தன் குற்றத்தை உணர வேண்டும் என்று அவர் தவித்தார். ஆனால் இடிபாட்டில் செத்தவர்களில் தீண்டப்படாதவர்களும் இருந்திருப்பார்களே. தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியைச் செத்துப்போனவர்களின் உடல்மேல் எழுதக்கூடாது. இந்த வாதத்தில் நான் தாகூர் பக்கம்.

கர்மத்தைக் கண்ணாடியாகப் பிடித்தவர் வள்ளலார். அவர் 1854-இல் வெளியிட்ட 'மனுமுறைகண்ட வாசகம்' என்ற உரைநடை நூலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

கதை திருவாரூர்க் கதை. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. மந்திரிகள் உடனே ஒரு வழி சொன்னார்கள்: பசுவதைக்கு வேதநூல் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறது, அதைச் செய்துவிடலாம். அரசன் மனுச்சோழன் மறுத்தான். வேறொருவன் மகன் இதைச் செய்திருந்தால் தண்டிப்பேன், என் மகனுக்கு மட்டும் சடங்கா என்பது அவன் கேள்வி. மகன்மேல் தேரைச் செலுத்தும்படி பணிக்கப்பட்ட மந்திரி அதைச் செய்ய மனமின்றித் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அரசன் தானே தேரேறினான்.

இந்தக் கதையைச் சின்ன வயதில் கேட்டபோது அரசன்தான் பெரிதாகத் தெரிந்தான். இப்போது அந்த மந்திரிதான் மனத்தை விட்டுப் போவதில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன் என்று அவன் சொல்லியிருக்கலாம். நாட்டில் ஒருவரும் அவனைக் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். கை தன்னுடையது என்று அவன் நினைத்தான். அரசனைப் பற்றி இப்போது எனக்கு ஒரு நெருடலும் உண்டு. நீதியின் விலையை அவன் மகனின் உடலால் கட்டினான். நெடுஞ்செழியன் கட்டியது தன் உயிரால். இரண்டும் ஒரே தராசில் நிற்குமா என்று தெரியவில்லை. இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் மந்திரியையும் எழுப்பித் தந்ததாகக் கதை முடிகிறது. கேட்டவர்களுக்கும் அந்த நெருடல் இருந்ததால்தான் அப்படி ஒரு முடிவு தேவைப்பட்டதோ என்னவோ.

வள்ளலார் இந்தக் கதையை எடுத்து, அரசன் தன்னைத்தானே விசாரிக்கும் இடத்தை நீட்டினார். என்ன பாவம் செய்தேனோ என்று அரசன் அடுக்கிக்கொண்டே போகிறான். ஏழையின் வயிறு எரிய வைத்தது, வேலை வாங்கிக்கொண்டு கூலியைக் குறைத்தது, பசித்தவன் முகத்தைப் பாராமல் இருந்தது, குடிகளின் வரியை உயர்த்தியது, பழகிய நண்பர்களுக்குள் கலகம் மூட்டியது, நம்பியவனை நடுவழியில் கைவிட்டது, மக்கள் போய்வரும் வழியை அடைத்தது. பெரியோரை இகழ்வது, அடியாரை வைவது போன்றவையும் பட்டியலில் உண்டு. ஆனாலும் பெரும்பகுதி இன்னொரு மனிதனுக்கோ உயிருக்கோ செய்த தீங்குகள்தாம். ஆசாரக் குறைவு, தீட்டு, விரதம் தவறியது என்பவற்றைத் தேடினால் ஏமாந்துபோவோம். இலக்கணத்தையும் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியமும் தன்மை ஒருமை வினையில் முடிந்து, கடைசியில் ஓர் ஐய ஓகாரம் நிற்கிறது. செய்தேன் என்று அறிக்கையும் இல்லை, செய்யவில்லை என்று மறுப்பும் இல்லை. செய்திருப்பேனோ என்ற நடுக்கம். அதுதான் தன்னாய்வின் உண்மையான குரல் என்று எனக்குப் படுகிறது. தனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்று நம்புகிறவன் தன்னை ஆராய முடியாது.

அதை எழுதியபோது அவருக்கு வயது முப்பதைச் சற்றுத் தாண்டியிருந்தது. 1867-இல் வடலூரில் சத்திய தருமசாலை அடுப்பு மூட்டப்பட்டது. பசித்தவர் முகத்தைப் பாராதிருந்தேனோ என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை, சோறு போட்டார்.

பௌத்தத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் எளிமையான, தினசரிப் பழக்கமாகக்கூடிய வடிவம் கிடைக்கிறது. புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன அறிவுரை மஜ்ஜிம நிகாயத்தின் 61-ஆம் சூத்திரமாக இருக்கிறது. கண்ணாடி எதற்கு என்று மகனைக் கேட்கிறார். பார்த்துக்கொள்ள என்கிறான் பையன். அப்படியே ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னும், செய்யும்போதும், செய்தபின்னும் பார் என்கிறார். இது எனக்குத் துன்பமாகுமா, பிறருக்குத் துன்பமாகுமா, இருவருக்கும் துன்பமாகுமா? உடலால் செய்வது, வாயால் சொல்வது, மனத்தால் நினைப்பது மூன்றுக்கும் இதே கேள்விதான். செய்தபின் தவறென்று தெரிந்தால் உள்ளேயே வைத்துக் குமையாமல் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ திறந்து சொல். செயல் என்பதே எண்ணம்தான் என்று புத்தர் வேறோர் இடத்தில் கர்மத்துக்கு இலக்கணம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். வேள்வியிலும் பிறப்பிலும் இருந்த கர்மத்தை அவர் ஒருவனுடைய தீர்மானத்துக்குள் கொண்டுவந்து வைத்தார்.

தன் கண்ணாடியில் தனக்குத் தெரியாதது உண்டு என்பதும் பௌத்தத் துறவியர் சங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மழைக்கால மூன்று மாதத் தங்கல் முடியும் நாளில் பவாரணை என்று ஒரு நிகழ்ச்சி. ஒவ்வொரு துறவியும் மற்றவர்கள் முன் அமர்ந்து, என்னிடம் நீங்கள் கண்டதோ கேட்டதோ ஐயுற்றதோ ஏதாவது குறை இருந்தால் இரக்கத்தோடு சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வார். மூத்தவரும் கேட்க வேண்டும்.

மற்ற மரபுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அவற்றில் வியக்கும்படியான ஓர் ஒற்றுமை இருக்கிறது. ரோமாபுரியின் செனெகா, இரவில் விளக்கணைந்து மனைவியும் பேச்சை நிறுத்தியபின் அன்றைய நாளை முழுதாகத் திருப்பிப் பார்க்கும் தம் வழக்கத்தை எழுதிவைத்திருக்கிறார். 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் நஃப்ஸை, அதாவது தன்மனத்தை, வியாபாரக் கூட்டாளியாக உருவகம் செய்கிறார். காலையில் கூட்டாளியோடு நிபந்தனை பேசு, பகலெல்லாம் கண்காணி, மாலையில் கணக்குக் கேள், நட்டம் வைத்திருந்தால் விடாதே. லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலுக்கு 1548-இல் பாப்பரசர் ஒப்புதல் கிடைத்தது. அதில் ஒரு குறிப்பிட்ட குற்றத்தைக் களைய, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, விழுந்த தடவையெல்லாம் புள்ளி வைக்கச் சொல்கிறார். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் பாட்டிமார் ஆன்ம சோதனை என்று சொல்வது இதன் வழிவந்ததுதான். எல்லாரும் கணக்குப்பிள்ளையின் மொழியில் பேசுகிறார்கள். மாலை, கணக்கு, பாக்கி.

கணக்கிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. இஞ்ஞாசியாரே மன்ரேசாவில் 1522-ஐ ஒட்டிய மாதங்களில், பாவசங்கீர்த்தனம் செய்த பாவத்தையே திரும்பத் திரும்பச் சொல்லியும் மனம் ஆறாமல், உயிரை விட்டுவிடலாமா என்ற எல்லைவரை போனவர். தன்னைக் குற்றவாளியாக்கிக் கொண்டே இருப்பதும் தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருப்பதுதான். நம் தேவாரத்திலும் திருவாசகத்திலும் தாயுமானவரிலும் நாயினும் கடையேன் என்ற வகையான தன்னிகழ்ச்சி நிறைந்திருக்கிறது. அடியவர்கள் வாயில் அது நெருப்பு. நாம் அதை ராகத்தோடு பாடிப் பழகியபின், குறிப்பாக எந்தத் தவறையும் சொல்லாமல் பொதுவாகப் பாவி என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுகமானது என்று கண்டுகொண்டோம். மொத்தமாகப் பாவி என்பவனிடம், பாகப் பத்திரத்தில் அக்கா பெயரை விட்டது யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஜான் நியூட்டன். 1748-இல் அட்லாண்டிக் கடலில் கப்பல் மூழ்கும் நிலையில் கடவுளை நோக்கிக் கூவிய மாலுமி. தேவாலயங்களில் இன்றும் பாடப்படும் 'அமேசிங் கிரேஸ்' அவர் எழுதியது. மனம்திரும்பிய அந்த நாளுக்குப் பிறகு, 1750-லிருந்து 1754 வரை அவர் அடிமைக் கப்பல்களின் தலைவராக இருந்தார். மேல்தளத்தில் ஜெபம் நடக்கும், நாட்குறிப்பில் தன் ஆன்மாவின் நிலையைப் பதிவார். கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்க மனிதர்கள் சங்கிலியில் கிடப்பார்கள். அவர் போலியாக இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே தன்னை ஆராய்ந்தார், ஆராய்ச்சியில் அந்தக் கீழ்த்தளம் தென்படவே இல்லை. உடல்நலம் கெட்டதால்தான் கடலை விட்டார். பாதிரியானார், பாடல்கள் எழுதினார். அடிமை வியாபாரத்தில் தன் பங்கை அறிக்கையிட்டு, அந்த வியாபாரத்தைக் கண்டித்துச் சிறுநூல் வெளியிட்டது 1788-இல்; கடைசிக் கப்பலை விட்டு இறங்கி 34 ஆண்டுகள் கழித்து. மிகத் தாமதமான அறிக்கை இது என்று அவரே அதில் ஒத்துக்கொள்கிறார்.

ஆகவே தன்னாய்வின் பெரிய குறை, மனச்சாட்சிக்கும் வளர்ப்பு உண்டு என்பது. காலமும் சாதியும் தொழிலும் எதைக் குற்றமென்று கற்றுத்தந்தனவோ அதைத்தான் அது பார்க்கும். நம் தாத்தாக்கள் திருநீறு பூசிக்கொண்டு கண்கலங்கிப் பதிகம் பாடிய அதே முற்றத்தில்தான் வேலையாளுக்குச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றினார்கள். பாடியபோது வந்த கண்ணீர் பொய்யில்லை. அதனால்தான் இந்த விஷயம் இவ்வளவு வலிக்கிறது.

அடுத்த தடை உத்தரவு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961-இல் தொடங்கி நடத்திய சோதனைகள் இன்று உளவியல் படிக்காதவர்களுக்கும் தெரியும். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பவைக்கப்பட்ட 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதிய கடைசிப் பொத்தான்வரை அழுத்தினார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், நிறுத்தலாமே என்று கெஞ்சினார்கள். ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்று சிலர் கேட்டார்கள். என்னுடையது என்று ஆய்வாளர் சொன்னதும் தொடர்ந்தார்கள். அவர்களுக்கு மனச்சாட்சி இல்லாமல் போகவில்லை. அதை வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர் எதிரே இருந்தார். ஆன்மிக உலகில் அந்த ஆய்வாளரின் இடத்தில் குருவையும் மடத்தையும் வைத்துப் பார்ப்பது கடினமாக இல்லை. சரணாகதியின் நூல் என்று பலரும் பிடித்துக்கொள்ளும் கீதைகூட, கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின், முழுதும் ஆராய்ந்து உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய் என்று அர்ச்சுனன் கையிலேயே முடிவைத் திருப்பித் தருகிறது. சரணடையச் சொல்லும் புகழ்பெற்ற சுலோகம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

உத்தரவுக்கு எதிரே தனியாக நின்ற ஒருவரின் கதை எனக்கு மிக நெருக்கமானது. பிரான்ஸ் யாகெர்ஸ்டேட்டர், ஆஸ்திரியாவின் சென்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூர் விவசாயி. 1907-இல் பிறந்தவர். இளமையில் மோட்டார் சைக்கிள், சண்டை, திருமணத்துக்கு முன்பே ஒரு குழந்தை என்று திரிந்தவர். 1936-இல் பிரான்சிஸ்காவை மணந்தபின் வேதாகமமும் புனிதர் சரிதைகளும் படிக்கத் தொடங்கினார். 1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜெர்மனி விழுங்கியதற்கு ஒப்புதல் கேட்டு நடந்த வாக்கெடுப்பில், ஊரில் எதிராக வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். ராணுவத்தில் சிறிதுகாலப் பயிற்சி பெற்றுத் திரும்பியபின், இனி அழைத்தால் போவதில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அந்த முடிவுக்கு அவர் ஆவேசத்தில் வரவில்லை. உட்கார்ந்து கேள்விகளை எழுதினார். இந்தப் போர் நியாயமற்றது என்று எனக்குத் தெரியும்போது அதில் சுடுவது பாவமா இல்லையா? தெரிந்தும் செய்தால் அது யார் கணக்கில் சேரும்? கேள்விகளோடு லின்ஸ் நகரத்துக்குப் போய் ஆயரையே பார்த்தார். குடும்பம் உள்ள ஒரு சாதாரண மனிதன் போரின் நியாயத்தைத் தீர்மானிக்கக் கடமைப்பட்டவனல்ல என்பதாக ஆயரின் பதில் இருந்தது. அக்கறையோடு சொல்லப்பட்ட பதில்தான் அது. பொறுப்பை இறக்கிவைக்க இதைவிட உயர்ந்த தோள் ஒரு விசுவாசிக்குக் கிடைக்காது. யாகெர்ஸ்டேட்டர் திருச்சபையை விட்டு விலகவில்லை, ஆயரைப் பழிக்கவில்லை, பூசையை விடவில்லை. அந்தப் பதிலை மட்டும் ஏற்கவில்லை.

1943 மார்ச் முதல் தேதி முகாமுக்குப் போய், போரிட மாட்டேன் என்று சொன்னார். காயம்பட்டவர்களுக்குப் பணிசெய்ய ஆயத்தமாக இருந்தார், அதை ஏற்கவில்லை. ஜூலையில் மரணதண்டனை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தலை வெட்டப்பட்டது. வயது 36. போருக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர்களை அவர் எங்கும் குறைசொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்ட கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மனுச்சோழன் கதையில் வந்த நெருடல் இங்கும் வருகிறது. விலையை அவர் மட்டும் கட்டவில்லை. மூன்று சிறு பெண்பிள்ளைகளோடு பிரான்சிஸ்கா நிலத்தை உழுதார். ஊர் அவரைத்தான் குற்றம்சாட்டியது, அவர்தான் கணவனைப் பக்தியில் தள்ளிக் கெடுத்தார் என்று. போர் விதவைக்குரிய ஓய்வூதியம் 1950 வரை கிடைக்கவில்லை. முதலில் அவரும் கணவனைத் தடுத்துப் பார்த்தவர்தான். நானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று உணர்ந்து உடன் நின்றார். 2007 அக்டோபரில் லின்ஸ் பேராலயத்தில் கணவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் தரப்பட்டபோது, 94 வயதில் அங்கே இருந்தார். 2013-இல் தம் நூறாவது வயதில் மறைந்தார். பொறுப்பேற்றவர் என்று ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் என்னால் இவர்கள் இருவரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இனி, 'உடைத்தேன்' என்று சொல்லியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் சொன்னோம்? கட்டுரையின் கனம் எனக்கு இங்கேதான் இருக்கிறது. கோயிலில் உண்டியலின் முன் நின்று சொல்லிவிட்டு, உடைபட்டவரிடம் சொல்லாமல் இருப்பது மிக எளிது. கடவுள் மன்னிப்பார் என்ற நம்பிக்கை பக்கத்து வீட்டுக்காரரை வழியிலிருந்து அகற்றிவிடுகிறது. மூத்த மரபுகள் இந்தத் தந்திரத்தை அறிந்திருந்தன. யூதர்களின் பாவநிவாரண நாள் கடவுளுக்கு எதிரான குற்றங்களுக்கு மட்டுமே செல்லும். சக மனிதனுக்குச் செய்த தீங்குக்கு, அவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளால் பயனில்லை. 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார். திருடியதைத் திருப்பிக் கொடுத்தால் போதாது, போய்க் கேட்க வேண்டும். மன்னிக்க மறுத்தால் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போக வேண்டும், இப்படி மூன்று முறை. தீங்கிழைக்கப்பட்டவர் இறந்துவிட்டால் பத்துப் பேரோடு அவருடைய கல்லறைக்குப் போய் அங்கே சொல்ல வேண்டும். முழுமையான மனமாற்றம் எது என்பதற்கும் அவர் அளவுகோல் தருகிறார்: அதே சூழ்நிலை, அதே வாய்ப்பு மறுபடி வந்து, அச்சத்தாலோ இயலாமையாலோ அல்லாமல் தானாக விலகினால் அதுதான். இஸ்லாத்திலும் தவ்பா என்னும் மனந்திரும்புதலுக்கு வருந்துவதும் விடுவதும் உறுதிகொள்வதும் போதாது. அடியார்களின், அதாவது சக மனிதர்களின், உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துத் தொடங்கிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கம் இதே ஞானத்தை மதப் பெயரின்றி எடுத்துக்கொண்டது. சென்னையிலும் அதன் கூட்டங்கள் தமிழில் நடக்கின்றன. அதன் பன்னிரண்டு படிகளில் நான்காவது, தன்னைப் பற்றி அஞ்சாமல் ஒரு கணக்கெடுப்பு. எட்டாவது, தான் தீங்கிழைத்தவர்களின் பெயர்ப் பட்டியல். ஒன்பதாவது, நேரில் போய் ஈடுசெய்வது. அப்படிப் போவதே அவர்களுக்கோ பிறருக்கோ புதிய காயமாகும் என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்கு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. என் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் இடமாக இன்னொருவரின் ஆறிய புண்ணைப் பயன்படுத்தக் கூடாது என்று குடித்து எல்லாவற்றையும் இழந்தவர்கள் கண்டுசொன்னார்கள்.

சிறுவன் மோகன்தாஸ் அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டு பொன்னைத் திருடியபோது கடவுளிடம் வேண்டிக்கொள்ளவில்லை. ஒரு தாளில் எழுதினான், தண்டனை கேட்டான், படுக்கையில் நோயோடு கிடந்த தந்தையின் கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார், கண்ணீர் தாளை நனைத்தது, கிழித்துப் போட்டார், மீண்டும் படுத்துக்கொண்டார். காந்தியின் சுயசரிதையில் எனக்கு மிகப் பிடித்த பக்கம் அது.

அதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் இந்த நாட்டில் ஒன்றுண்டு. அசோகரின் 13-ஆம் பாறைச் சாசனம். முடிசூடி எட்டாண்டு கழித்துக் கலிங்கத்தை வென்றதையும், ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் நாட்டைவிட்டுப் பெயர்க்கப்பட்டதையும், அதைப்போலப் பல மடங்கினர் மாண்டதையும் சொல்லி வருந்துகிறது அது. பேரரசன் ஒருவன் தன் வெற்றியைக் குறித்துத் துக்கப்படுவதாகக் கல்லில் வெட்டிவைத்ததற்கு அன்றைய உலகில் இணையில்லை. இன்றைய பாகிஸ்தானின் ஷாபாஸ்கரியில் இருக்கிறது, குஜராத்தின் கிர்னாரில் இருக்கிறது, ஆந்திரத்தின் எர்ரகுடியில் இருக்கிறது, ஆப்கானிஸ்தானின் காந்தஹாரில் கிரேக்க மொழியில் அதன் தொடக்கம் கிடைத்திருக்கிறது. தம் அறவெற்றி எட்டிய தெற்கு எல்லையாகச் சோழரையும் பாண்டியரையும்கூட அது பெயர்சொல்கிறது. வருந்துகிற அதே மூச்சில் காட்டுவாசிகளுக்கு, எனக்குத் தண்டிக்கும் வலிமை இன்னும் இருக்கிறது என்று ஓர் எச்சரிக்கையும் விடுகிறது.

ஆனால் கலிங்கத்தில் அந்தச் சாசனம் இல்லை. புவனேசுவரம் அருகே தயா ஆற்றங்கரைத் தௌலியில், பாறையிலிருந்து யானை வெளியே வருவதுபோலச் செதுக்கிய இடத்தில், மற்றச் சாசனங்கள் வரிசையாக இருக்கின்றன. 11, 12, 13 மூன்றும் இல்லை. கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் இல்லை. கொன்றதைக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் படிக்கும்படி அங்கே எழுத அசோகருக்கு நா எழவில்லையா? ஆறாத புண்ணைக் கீறக் கூடாது என்று நினைத்தாரா? ஆண்ட அரசு தன் குற்றத்தை ஆளப்படுவோர் முன் சொல்லத் துணியவில்லையா? வருத்தத்தை ஊருக்கெல்லாம் சொல்லி உரியவரிடம் மறைத்தார் என்று நெடுநாள் நான் அவர்மேல் கோபமாகவே இருந்தேன்.

அந்த மூன்றுக்கும் பதிலாக அங்கே இரண்டு தனிச் சாசனங்கள் இருக்கின்றன. அதிகாரிகளுக்கு எழுதியவை. குடிகள் எல்லாரையும் தன் மக்களாக நினைப்பதாகச் சொல்லி, காரணமின்றி ஒருவரும் சிறைப்படவோ வதைபடவோ கூடாது என்கின்றன. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவை உங்களுக்குள் இருந்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது, உங்களையே பார்த்துக்கொள்ளுங்கள் என்று நகர நீதிபதிகளுக்குச் சொல்கின்றன. பூச நட்சத்திர நாள்களில் இதைப் படித்துக் கேட்பிக்க வேண்டும் என்றும், ஒருவர் மட்டுமே இருந்தாலும் அவர் கேட்கட்டும் என்றும் எழுதியிருக்கிறது. தோசலி நகரத்தில் அந்த நாளில் அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில், போரில் தகப்பனை இழந்த ஒருவர் இருந்திருப்பார். அவர் காதில் அது என்னவாக விழுந்திருக்கும் என்றுதான் இப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.